பிரெண்டன் க்ளீசன் படத்துல முதல்ல எதைப் பாக்கலாம்?

ஊருக்குப் போயிருந்தப்போ சித்தி பையன் கேட்டான், "அண்ணே, ஹாரி பாட்டர்ல ஒரு கண்ணு மட்டும் தனியா சுத்திக்கிட்டே இருக்குமே, அந்த வாத்தியார் வேஷம் போட்டவரு வேற என்னல்லாம் நடிச்சிருக்காரு, ஒரே ஒரு படம் சொல்லுங்க, சனிக்கிழமை ராத்திரி பாக்குறேன்"னு. பிரெண்டன் க்ளீசனைத்தான் சொல்றான். எனக்கு ரொம்பப் பிடிச்ச நடிகர், பத்து படம் பேரு ஒரே மூச்சுல சொல்லிடுவேன், ஆனா ஒண்ணே ஒண்ணுன்னு கேட்டதும் வாயடைச்சுப் போச்சு. ஏன்னா தப்பான படத்துல ஆரம்பிச்சா இந்த மனுஷனோட அருமை தெரியாமலே போயிடும். அதைவிட முக்கியமா, இவர் படத்துல ரெண்டு படத்தை வரிசை மாத்திப் பாத்துட்டா ரெண்டாவதுல கிடைக்க வேண்டிய வலி பாதியாயிடும். ரெண்டு நாள் யோசிச்சு அவனுக்கு அனுப்புனதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

என் கணக்குல போட்டியில இருக்குறது அஞ்சு படம். 1998ல வந்த 'தி ஜெனரல்', 2008ல 'இன் ப்ரூஜ்', 2011ல 'தி கார்ட்', 2014ல 'கால்வரி', 2022ல 'தி பான்ஷீஸ் ஆஃப் இனிஷெரின்'. இந்த அஞ்சுலயும் ஒண்ணு அவர்தான் படமே, இல்லன்னா படத்துல பாதி அவர் தோள்மேல இருக்கு.

அதுக்கு முன்னாடி ஆளைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா அது எந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்குறோம்ங்கறதோட சம்பந்தப்பட்டது. 1955ல அயர்லாந்து தலைநகர் டப்ளின்ல பொறந்தவர், ஸ்கூல் வாத்தியாரா வேலை பாத்தவர், சாயங்காலம் நாடகம்னு ஓடிக்கிட்டு இருந்தவர், 1991ல தான் அந்த வேலைய விட்டுட்டு முழுநேர நடிகரா இறங்குனார். அப்போ அவருக்கு 36 வயசு. வீட்டுல சின்னப் பசங்க, மூத்த பையன் டோனலுக்கு எட்டு வயசு (ஆமா, இப்போ பெரிய நடிகரா இருக்குற டோனல் க்ளீசன்தான்). 36 வயசுல நிலையான சம்பளத்தை விட்டுட்டு, ஹீரோ முகமும் இல்லாம, பெரிய உடம்பு, சிவந்த கன்னம், கலைஞ்ச தலைமுடின்னு நடிக்கக் கிளம்புறது எவ்ளோ பெரிய முடிவுன்னு யோசிச்சுப் பாருங்க. அவரோட நல்ல படங்களை வரிசையா பாத்தா அந்த வாத்தியார் எங்கேயும் போகலன்னு தெரியும். பக்கத்துல இருக்குறவன் பேசும்போது முழுசா கேக்குறது, அவன் தப்புப் பண்ணப் போறான்னு முன்னாடியே தெரிஞ்சும் பொறுமையா இருக்குறது, தேவைப்பட்டா ஒரே பார்வையில அடக்குறது. எனக்கு அவர்கிட்ட பிடிச்சதே அவர் கேக்குற விதம்தான். அதனால அவர் யார் பக்கத்துல உக்காந்து யார் பேசுறதைக் கேக்குறார்ங்கறதை வச்சுத்தான் நான் படம் தேர்ந்தெடுப்பேன்.

நம்ம ஊர்ல குணச்சித்திர நடிகர்னு ஒரு வார்த்தை இருக்கு, க்ளீசனுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி பொருந்துற வார்த்தை. ஒரு உதாரணம் சொல்றேன். 1991ல அயர்லாந்து டிவிக்காக எடுத்த 'தி ட்ரீட்டி'ல மைக்கேல் காலின்ஸா நடிச்சார், 1921ல லண்டன்ல பிரிட்டிஷ்காரங்களோட உக்காந்து ஒப்பந்தம் பேசின ஐரிஷ் தலைவர். அந்த மேஜைக்கு எதிர்ப்பக்கம் உக்காந்து கையெழுத்துப் போட்டவங்கள்ல வின்ஸ்டன் சர்ச்சிலும் ஒருத்தர். பதினெட்டு வருஷம் கழிச்சு, 2009ல, ஹெச்பிஓ எடுத்த 'இன்டு தி ஸ்டார்ம்'ல அதே க்ளீசன் சர்ச்சிலா நடிச்சு எம்மி வாங்குனார். ஒரே மேஜையோட ரெண்டு பக்கமும் உக்காந்த நடிகர். இன்னும் பதினோரு வருஷம் கழிச்சு, 2020ல, 'தி கோமி ரூல்' சீரிஸ்ல டொனால்ட் டிரம்பா வந்தார். அதுக்கு அடுத்த வருஷம் ஜோயல் கோயன், ஷேக்ஸ்பியரோட 'மேக்பெத்' நாடகத்தைப் படமாக்குனப்போ அதுல டங்கன் ராஜாவும் இவர்தான்.

சரி, சின்ன ரோல்களை முதல்ல முடிச்சிடலாம், ஏன்னா பாதி பேர் இவரை ஏற்கனவே அங்கதான் பாத்திருப்பீங்க. 'பிரேவ்ஹார்ட்'ல வாலஸோட சின்ன வயசு கூட்டாளி ஹேமிஷ், கல்லு தூக்கி எறியுற அந்த ராட்சசன். 'ட்ராய்'ல பொண்டாட்டியைப் பறிகொடுத்த மெனெலாஸ். 'கோல்டு மவுண்டன்'ல ஃபிடில் வாசிக்கிற, பொண்ணை அம்போன்னு விட்டுட்டுப் போன அப்பன். 'பேடிங்டன் 2'ல ஜெயில் சமையக்காரர் நக்கிள்ஸ், மொத்த ஜெயிலும் நடுங்குற ஆளு, ஒரு மார்மலேட் சாண்ட்விச்சைக் கடிச்சதும் மூஞ்சி மாறுற சீனை எங்க அம்மா ரெண்டு தடவை ரீவைண்ட் பண்ணிப் பாத்தாங்க. வீட்டுல சின்னக் குழந்தைங்க இருந்தா, எல்லாரும் சேந்து உக்காந்து பாக்கணும்னா, யோசிக்கவே வேணாம், 'பேடிங்டன் 2' போட்டுடுங்க, மத்த எதுவுமே குழந்தைங்களுக்கு ஆகாது.

இந்தச் சின்ன ரோல்கள்ல ஒண்ணை மட்டும் தனியா சொல்லியே ஆகணும், '28 டேஸ் லேட்டர்'ல வர்ற டாக்ஸி டிரைவர் ஃபிராங்க். லண்டன் முழுக்க நோய் பரவி நாசமாப் போன பிறகு ஒரு அபார்ட்மென்ட் மாடியில தன் பொண்ணோட தனியா இருக்குற அப்பா. அவருக்கு நோய் தொத்திடுச்சுன்னு தெரியுற அந்தச் சில நொடிகள், பொண்ணைப் பாத்து உன் மேல உசிரையே வச்சிருக்கேன்னு சொல்லி முடிக்குறதுக்குள்ள கிட்ட வராதேன்னு கத்த வேண்டிய நிலைமை. அந்த நொடிகளை நான் இன்னும் மறக்கல. ஆனா படத்துல அவர் வர்றது கொஞ்ச நேரம்தான், அதனால முதல் படமா சொல்ல மாட்டேன்.

இப்போ அஞ்சுக்கு வருவோம்.

'தி ஜெனரல்' இவரை அயர்லாந்துக்கு வெளிய நிலைநிறுத்துன படம். டப்ளின்ல நெஜமாவே வாழ்ந்த மார்ட்டின் காஹில்ங்கற கொள்ளைக்காரனோட கதை. 1986ல ரஸ்பரோ ஹவுஸ்ங்கற பெரிய மாளிகையில விலைமதிக்க முடியாத ஓவியங்களை அடிச்சிட்டுப் போன கூட்டத்தோட தலைவன், 1994ல நடுரோட்டுல சுட்டுக் கொன்னாங்க. டைரக்டர் ஜான் பூர்மன் வீட்டுலயே காஹில் திருடியிருக்கான், சுவத்துல மாட்டியிருந்த தங்க இசைத்தட்டைத் தூக்கிட்டுப் போயிருக்கான், பூர்மன் அந்தச் சம்பவத்தையே படத்துல ஒரு சீனா வச்சிருக்கார். கறுப்பு வெள்ளைப் படம், கான்ஸ் பட விழாவுல பூர்மனுக்கு சிறந்த டைரக்டர் அவார்டு கிடைச்சது. க்ளீசன் இதுல பிரமாதம். கொடூரமான ஆள்தான், ஆனா மூஞ்சிய உள்ளங்கையால மூடிக்கிட்டு விரல் இடுக்கு வழியா போலீஸைப் பாக்கும்போது ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் குறும்பு தெரியும், நமக்கே அவன் மேல பிரியம் வந்துடும், அடுத்த சீன்லயே அந்தப் பிரியத்துக்காக நாம வெக்கப்படுற மாதிரி ஒண்ணு பண்ணுவான். இருந்தும் முதல் படமா வேணாம். ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடும், டப்ளின் பேச்சு வேகம், அந்தக் காலத்து ஐஆர்ஏ (ஐரிஷ் ஆயுதக் குழு), போலீஸ் அரசியல் கொஞ்சம் தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லா இருக்கும். மூணாவதோ நாலாவதோ பாக்கலாம்.

'தி கார்ட்' இந்த அஞ்சுல லேசானது. 96 நிமிஷம்தான். அயர்லாந்தோட மேற்குக் கரை, கானமாரா பக்கம், ஒரு கிராமத்துப் போலீஸ் சார்ஜென்ட் ஜெரி பாயில், போதைமருந்து கடத்தலைப் பிடிக்க அமெரிக்காவுல இருந்து வர்ற எஃப்பிஐ ஆபீசரா டான் சீடில். ஜெரி வாயத் தொறந்தா வம்பு, அமெரிக்காக்காரரை மூஞ்சிக்கு நேரா அவமானப்படுத்துவான், அவன் நெஜமாவே முட்டாளா இல்ல ரொம்பப் புத்திசாலியான்னு சீடில் முழிக்கிற மாதிரியே நாமளும் முழிப்போம். அந்த ஊரு ஐரிஷ் மொழி பேசுற பகுதி, எஃப்பிஐ ஆபீசர் வீடு வீடா கதவைத் தட்டி விசாரிக்கப் போனா ஆளாளுக்கு ஐரிஷ்லயே பதில் சொல்லி அனுப்புற சீன் எனக்கு ரொம்பப் பிடிக்கும், வெளியூர்க்காரனை ஒரு ஊரே சேந்து எப்படித் தள்ளி வைக்கும்னு அதுல தெரியும். ஆனா க்ளீசனுக்காகப் பாக்குறதுன்னா, ஜெரி சாகக் கெடக்குற அம்மாவைப் பாக்கப் போற சீன்களைத்தான் சொல்வேன். அங்க மட்டும் அவன் வாய்த்துடுக்கு காணாமப் போயிடும், அம்மா என்ன சொன்னாலும் தலையாட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். சிரிச்சுக்கிட்டே ஒரு படம் பாக்கணும், மனசு கனமாகக் கூடாதுன்னா இதுல ஆரம்பிங்க, தப்பே இல்ல. என் சித்தி பையனுக்கும் முதல்ல இதைத்தான் சொல்ல நினைச்சேன், அப்புறம்தான் மாத்துனேன். ஏன்னா இதுல க்ளீசன் பேசுறார், எதிர்ல இருக்குறவர் கேக்குறார். மத்த படங்கள்ல அவர்கிட்ட எனக்குப் பிடிச்ச விஷயம் இங்க தலைகீழா இருக்கு.

அந்தப் படத்தை எடுத்தது ஜான் மைக்கேல் மெக்டோனா. அவரே அடுத்து க்ளீசனை வச்சு எடுத்ததுதான் 'கால்வரி'. ரெண்டும் ஒரே டைரக்டர், ஒரே நடிகர், அதே மேற்கு அயர்லாந்துன்னு நம்பவே முடியாது.

ஸ்லைகோ பக்கம் ஒரு கடலோர கிராமம், பின்னாடி பென் புல்பென் மலை மேஜை மாதிரி தட்டையா நிக்கும். ஃபாதர் ஜேம்ஸா வர்ற க்ளீசன் பாவசங்கீர்த்தனக் கூண்டுல (பாவமன்னிப்புக் கேக்க வர்ற இடம்) உக்காந்திருக்கார். மறுபக்கத்துல இருந்து ஒரு ஆம்பளைக் குரல், சின்ன வயசுல ஒரு பாதிரியாரால வருஷக்கணக்கா சீரழிக்கப்பட்டவன். சொல்றான், அந்தப் பாதிரி செத்துப்போயிட்டான், கெட்ட பாதிரியைக் கொன்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க, அதனால ஒரு தப்பும் பண்ணாத உங்களை அடுத்த ஞாயித்துக்கிழமை கடற்கரையில வச்சுக் கொல்லப் போறேன். அந்த முழு சீன்லயும் கேமரா க்ளீசன் மூஞ்சிய விட்டு நகராது. அவர் அதிகம் பேசக்கூட மாட்டார். கேக்குறார், அவ்ளோதான். யாருன்னு அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. அடுத்த ஏழு நாள் அவர் ஊருக்குள்ள வழக்கம்போல எல்லாரையும் பாத்துக்கிட்டுப் போறதுதான் படம்.

இந்தப் படத்துக்குப் பின்னாடி நெஜமான ரணம் இருக்கு. 2009ல ரையன் அறிக்கை, மர்ஃபி அறிக்கைன்னு ரெண்டு அரசு விசாரணை அறிக்கை வந்துச்சு, சபை நடத்துன இல்லங்கள்லயும் டப்ளின் மறைமாவட்டத்துலயும் குழந்தைங்களுக்கு நடந்த கொடுமை, அதை மறைச்ச விதம் எல்லாம் வெளிய வந்து அந்த நாடே ஆடிப்போச்சு. படத்துல ஒரு சின்ன சீன். ஃபாதர் ஜேம்ஸ் ஒரு சந்துல நடந்து போறார், முன்னாடி ஒரு சின்னப் பொண்ணு தனியா போறா, ரெண்டு பேரும் சும்மா பேசிக்கிட்டே நடக்குறாங்க, கடலைப் பத்தி, லீவைப் பத்தி. சர்ருன்னு ஒரு கார் வந்து நிக்குது, அப்பன்காரன் இறங்கி பொண்ணை இழுத்து உள்ள போட்டுட்டு இவரை ஒரு பார்வை பாக்குறான் பாருங்க. அந்த அங்கியப் போட்டிருக்குற ஒரே காரணத்துக்காக அந்தப் பார்வை. கார் போனப்புறம் க்ளீசன் மூஞ்சியில வர்றது கோபம் கிடையாது, அவன் பயப்படுறது நியாயம்தானேங்கற ஒப்புதல். வசனமே கிடையாது. நான் பாத்ததுலயே மிகச்சிறந்த நடிப்புல ஒண்ணு அது. இன்னொரு சீன்ல அவர் ஜெயிலுக்குப் போய் ஒரு கொலைகாரனைப் பாப்பார், அந்தக் கைதியா நடிச்சது அவரோட சொந்தப் பையன் டோனல், அப்பாவும் பையனும் எதிரெதிரே உக்காந்து பேசுற அந்த அஞ்சு நிமிஷமும் நெஞ்சை அறுக்கும்.

நடிப்புன்னு மட்டும் பாத்தா என் ஓட்டு 'கால்வரி'க்குத்தான், சந்தேகமே இல்ல. ஆனா முதல் படமா யாருக்கும் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டு ஹாயா உக்காந்து பாக்குற படம் கிடையாது, பாத்து முடிச்சா ரெண்டு நாளைக்கு உள்ளயே கெடக்கும், அதுவும் குழந்தைங்க மேல நடக்குற கொடுமையைப் பத்தின பேச்சு முதல் நிமிஷத்துலயே பச்சையா வருது, அதைத் தாங்க முடியாத நிலையில இருக்குறவங்க தயவு செஞ்சு இதை ஒதுக்கிடுங்க. இவர் யாருன்னு கொஞ்சம் பழகினப்புறம், தனியா, தயாரா உக்காந்து பாக்கணும்.

மிச்சம் ரெண்டு. உண்மையான போட்டியே இங்கதான். ரெண்டும் ஜான் மைக்கேலோட தம்பி, மார்ட்டின் மெக்டோனா எடுத்தது. ரெண்டுலயும் க்ளீசனும் காலின் ஃபேரலும். நடுவுல பதினாலு வருஷம்.

நெட்டுல யாரைக் கேட்டாலும் இப்போ 'பான்ஷீஸ்'ஸைத்தான் சொல்றாங்க. ஒன்பது ஆஸ்கர் நாமினேஷன் (ஒண்ணு கூட கிடைக்கலங்கறது எனக்கு இன்னும் வருத்தம்), க்ளீசனுக்கு 67 வயசுல முதல் நாமினேஷனும் இதுக்குத்தான். 1923, அயர்லாந்துக்கு மேற்கே ஒரு கற்பனைத் தீவு, எதிர்க்கரையில உள்நாட்டுப் போர் குண்டுச் சத்தம் கேக்குது. பாட்ரிக் (ஃபேரல்) தினமும் மத்தியானம் ரெண்டு மணிக்கு நண்பன் கோல்மைக் (க்ளீசன்) கூட்டிக்கிட்டு பப்புக்குப் போற ஆளு. ஒருநாள் கோல்ம் சொல்றார், எனக்கு இனிமே உன்னைப் பிடிக்கல, என்கிட்ட பேசாதே. காரணம்னு பெருசா எதுவும் கிடையாது, வயசாகுது, மிச்சம் இருக்குற காலத்துல நாலு ட்யூன் போட்டுட்டுப் போகணும், உன் வெட்டிப் பேச்சைக் கேக்க நேரமில்ல. மீறிப் பேசினா ஒவ்வொரு தடவைக்கும் என் விரல் ஒண்ணை வெட்டிடுவேங்கறார், ஃபிடில் வாசிக்கிற கையோட விரலை.

'இன் ப்ரூஜ்' கதை வேற. ரேயும் கென்னும் கூலிக்குக் கொலை பண்றவங்க. ரே (ஃபேரல்) சின்னவன், முதல் வேலையிலயே கை தவறி ஒரு சின்னப் பையனைக் கொன்னுட்டான். முதலாளி ரெண்டு பேரையும் கிறிஸ்மஸ் சமயத்துல பெல்ஜியத்துல இருக்குற ப்ரூஜ் ஊருக்கு அனுப்பி, சொல்ற வரைக்கும் ஒளிஞ்சிருங்கன்னு வச்சிருக்கார். கென்னா வர்ற க்ளீசன் கையில கைடு புக்கோட கால்வாய், சர்ச், மியூசியம்னு ஊரை ஆசையா சுத்திப் பாப்பார், மணிக்கூண்டுல 366 படி ஏறுவார். ரே ஸ்கூல் டூர்ல இழுத்துட்டு வந்த பையன் மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே பின்னாடி வருவான். இங்க க்ளீசன் முழுக்க முழுக்க வாத்தியார். ரே புலம்புறான், எரிஞ்சு விழறான், திடீர்னு உடைஞ்சு அழறான், இவர் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே பக்கத்துல இருக்கார்.

அப்புறம் அந்த ஃபோன் சீன். முதலாளி ஹாரிகிட்ட இருந்து ஹோட்டல் ரூமுக்கு ஃபோன் வருது. ரே ரூம்ல இல்ல, ஆனா இருக்குற மாதிரியே கென் சமாளிக்கணும், அவனை வெளிய அனுப்புற மாதிரி காத்துகிட்ட பேசிக் காட்டணும். கேமரா வெட்டாம க்ளீசன் மேலயே இருக்கு. பேச்சு ஊரு அழகு, சுத்திப் பாத்ததுன்னு நல்லாத்தான் போகுது, அப்புறம் ஹாரி என்ன வேலை குடுக்கப் போறான்னு மெதுவா புரியப் புரிய இவர் கண்ணுல வெளிச்சம் ஒவ்வொண்ணா அணையும். எதிர்ல ஆளே இல்லாம, காதுல ஒரு குரலை மட்டும் வச்சுக்கிட்டு ஒரு மனுஷன் இவ்ளோ பண்ண முடியுமான்னு இருக்கும். க்ளீசன்னா யாருன்னு ஒரே சீன்ல காட்டணும்னா நான் இதைத்தான் காட்டுவேன்.

இதனாலதான் என் முடிவு 'இன் ப்ரூஜ்' முதல்ல, 'பான்ஷீஸ்' அதுக்கப்புறம். ரெண்டும் வேற வேற கதைதான், தொடர்ச்சி எதுவும் கிடையாது. ஆனா முதல் படத்துல ஃபேரல் எவ்ளோ தொணதொணன்னு பேசினாலும் கேட்டுக்கிட்டே இருந்த அதே மூஞ்சி, ரெண்டாவது படத்துல அதே ஆளைப் பாத்து இனிமே நீ பேசுறதைக் கேக்க மாட்டேன்னு திரும்பிக்குது. கோல்ம் ஏன் இவ்ளோ காலம் அவனோட நண்பனா இருந்தார்னு 'பான்ஷீஸ்' எங்கயும் காட்டாது, பிரிவுலதான் கதையே ஆரம்பிக்குது. அந்தப் பழைய பிரியம் என்னன்னு நமக்குத் தெரியுறது ப்ரூஜ்ல இருந்துதான். 'பான்ஷீஸ்' முதல்ல பாத்த ஒரு ஃப்ரெண்டு கோல்மை வெறும் திமிர் பிடிச்ச கிழவன்னு சொன்னார், ப்ரூஜ் பாத்துட்டு இதுக்கு வந்தவங்க யாரும் என்கிட்ட அப்படிச் சொன்னதில்ல.

நடைமுறை விஷயம் ரெண்டு மூணு. ப்ரூஜ்ல கெட்ட வார்த்தை வரிக்கு வரி வரும், ரத்தமும் உண்டு, ஹால்ல பெரியவங்க, பசங்களோட வேணாம். எந்தப் படமா இருந்தாலும் சப்டைட்டில் போட்டுக்கோங்க, ஐரிஷ் உச்சரிப்பு பழகுறதுக்கே அரை மணி நேரம் ஆகும், அதுக்குள்ள நல்ல வசனம் பத்து போயிடும். ப்ரூஜ் 107 நிமிஷம்தான், பத்து மணிக்குப் போட்டாக்கூட பன்னெண்டுக்குள்ள முடிஞ்சிடும். ப்ரூஜ் பிடிச்சுதுன்னா அடுத்த வாரம் 'பான்ஷீஸ்', நடுவுல பெரிய இடைவெளி விடாதீங்க, ஞாபகம் சூடா இருக்கணும். அதுக்கப்புறம் மனசு லேசாக 'தி கார்ட்', பிறகு தயாரா இருக்கும்போது 'கால்வரி', 'தி ஜெனரல்' எப்போ வேணா. வீட்டுல வளக்குற பிராணிங்க மேல உயிரா இருக்குறவங்க 'பான்ஷீஸ்', 'கால்வரி' ரெண்டுலயும் கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கோங்க, இதுக்கு மேல சொன்னா கதை தெரிஞ்சிடும்.

'பான்ஷீஸ்' பாக்கும்போது ரெண்டு விஷயம் கவனிங்க. கோல்ம் உக்காந்து உருவாக்குற அந்த ட்யூன் க்ளீசனே நெஜமா போட்டது, வாசிக்கிறதும் அவர்தான், ஃபிடில் அவருக்கு வாழ்நாள் பழக்கம். இன்னொண்ணு, பாதிப் படத்துக்கு முன்னாடியே பாட்ரிக்கை ஊரு போலீஸ்காரன் நடுரோட்டுல அடிச்சுப் போட்டுடுவான். கோல்ம் வந்து ஒரு வார்த்தை பேசாம அவனைத் தூக்கி வண்டியில உக்கார வச்சு, கடிவாளத்தைத் தான் வாங்கிக்கிட்டு ஓட்டிக்கிட்டுப் போவார். பக்கத்துல பாட்ரிக் தேம்பி அழுதுக்கிட்டே வருவான். பாதை பிரியுற இடத்துல கடிவாளத்தை அவன் கையில குடுத்துட்டு இறங்கி அவர் பாட்டுக்கு நடந்துடுவார். அந்தச் சீன் வரும்போது ஃபோனைத் தள்ளி வச்சிடுங்க, பக்கத்துல யாராவது இருந்தாலும் அது முடியுற வரைக்கும் எதுவும் பேசாதீங்க.